‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஏன் எழுத வேண்டும்?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 29. பி.காம். முடித்தவர். 2021 ஜூனில், கொரோனா இரண்டாவது அலையின்போது, ஒரு பெரிய ஃபின்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளுக்கு க்யூஆர் அட்டையும், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கரும் கொடுத்து, கடைக்காரர்களுக்குக் கடனும் ஏற்பாடு செய்கிற நிறுவனம். கடைக்காரர்கள் அனுப்பும் ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு, கடையின் புகைப்படம் ஆகியவற்றைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. பிரிவில் இவருக்கு வேலை. முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்து. அப்புறம் வாரத்தில் மூன்று நாள் சென்னை அலுவலகம்: விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ், வீடு திரும்ப ராத்திரி. இப்போது பதவியின் பெயர் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’. கைக்கு வரும் மொத்தச் சம்பளம் 38,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,200.

போன வாரம் எச்.ஆர். ஒரு வீடியோ காலில் கூப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டே நிமிடம். ‘சரிபார்ப்பு வேலையை இனி சிஸ்டமே பார்த்துக்கொள்ளும், உங்கள் ரோல் இல்லை’ என்றாராம். சாயங்காலம் வந்த மின்னஞ்சலில் மட்டும் ‘உங்கள் செயல்பாடு எதிர்பார்த்த அளவில் இல்லை’ என்று இருந்திருக்கிறது. மாத இறுதிக்குள் எச்.ஆர். செயலியில் ராஜினாமா பட்டனை அழுத்தினால் ஒரு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருவார்கள். அழுத்தாவிட்டால் டெர்மினேட் செய்வார்கள், ‘பிறகு எங்கேயும் வேலை கிடைக்காது.’ பட்டனை அழுத்தினால் காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறக்கிறது: மேற்படிப்பு, திருமணம், உடல்நலம், வேறு நல்ல வாய்ப்பு, சொந்தக் காரணங்கள். ‘இதில் எதைத் தேர்ந்தெடுப்பது மேடம்?’ என்று கேட்கிறார்.

அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் 26 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். வைத்தியம் மகளின் கம்பெனி இன்சூரன்ஸில் நடக்கிறது. தம்பி கல்லூரியில். அம்மா சொல்வது ஒன்றுதான்: ‘வம்பு வேணாம், நல்லபடியா எழுதிக் குடுத்துட்டு வந்துடு.’ கடிதம் இப்படி முடிகிறது: ‘கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எங்களுக்கு லேபர் சட்டமெல்லாம் கிடையாது என்கிறார்கள். 5 வருடம் முடியாததால் கிராஜுவிட்டியும் இல்லை. சாப்பிட முடியவில்லை. லேப்டாப்பில் மெசேஜ் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது.’

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். அந்தப் பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் காரணம் அதில் இல்லை. ‘நிறுவனம் போகச் சொல்கிறது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். அது இல்லாத இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று தொட்டால், உங்களுக்கு எதிரான சாட்சியத்தை உங்கள் விரலாலேயே எழுதிக் கொடுக்கிறீர்கள். பிறகு எந்த அதிகாரியின் முன்னால் போய் நின்றாலும் முதலில் மேஜையில் வைக்கப்படுவது அந்தக் காகிதமாகத்தான் இருக்கும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். முடியாத காரியம் இல்லை, ஆனால் கஷ்டம்.

நான் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் பல வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். உங்கள் அப்பாவைப் போன்ற டேனரித் தொழிலாளர்களும் ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிப் பெண்களும் என்னைத் தேடி வரும்போது கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். உள்ளே சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் ரசீது என்று இருபது வருடக் காகிதம் ரப்பர் பேண்ட் போட்டு இருக்கும். சிலருக்குக் கையெழுத்துகூடப் போட வராது, ஆனால் ஒரு துண்டுச் சீட்டைத் தொலைத்திருக்க மாட்டார்கள். சமீப வருடங்களில் உங்களைப் போன்ற பிள்ளைகளும் வருகிறார்கள். பட்டம் வாங்கியவர்கள், விவரம் தெரிந்தவர்கள். ஆனால் கை வெறுமையாக இருக்கும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பாராட்டு மின்னஞ்சல் எல்லாமே கம்பெனி லேப்டாப்பில். அந்த லேப்டாப்பை அன்று காலையிலேயே பூட்டியிருப்பார்கள். ஆகவே இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே ஒன்று செய்துவிடுங்கள். உங்கள் நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், எல்லா மாதச் சம்பளச் சீட்டு, கடைசி இரண்டு வருட மதிப்பீடு, எச்.ஆர். அனுப்பிய அந்த மின்னஞ்சல் ஆகியவற்றை இன்றைக்கே உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். திரையைப் போனில் படமெடுத்தாலும் போதும். உங்களுக்கு வந்த, உங்களைப் பற்றிய காகிதங்களை மட்டும். வாடிக்கையாளர் ஒருவரின் ஆதார் படம்கூட உங்கள் சொந்த மின்னஞ்சலுக்குப் போகக் கூடாது. போனால், இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

உங்களுக்கும் சட்டம் உண்டு

‘கம்ப்யூட்டர் வேலைக்கு லேபர் சட்டம் கிடையாது’ என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. வங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி, பங்கு மூலதனக் கம்பெனி எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. அதன் 41-ஆம் பிரிவு சொல்வது இது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி, சாட்சியத்தோடு நிரூபித்திருக்க வேண்டும். நீக்கினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். இந்த 30 நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘பார்க்கலாம், பேசலாம்’ என்று எச்.ஆர். இழுத்தடிக்கும்போது கரைவது இந்த நாட்கள்தான்.

இரண்டாவது சட்டம், உங்கள் அப்பாவின் காலத்தில் தொழில் தகராறுச் சட்டம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதில் ‘தொழிலாளி’ என்றால் கையில் சுத்தியல் பிடித்தவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை, அன்றாட இயக்க வேலை எல்லாம் அதில் அடக்கம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் மட்டுமே வெளியே நிற்கிறார்கள்.

‘நான் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆயிற்றே’ என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. பதவியின் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை, பார்க்கிற வேலையைத்தான் பார்க்கும். உங்களுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா? யாருக்காவது விடுப்பு அனுமதித்திருக்கிறீர்களா? யாரையாவது வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ உங்கள் கையெழுத்து போதுமா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வரிசையில் வரும் ஃபைலைத் திறப்பது, பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கும்போது வரும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, கடையின் புகைப்படம் நிஜக் கடைதானா என்று பார்ப்பது, அடுத்த ஃபைல். ஒரு நாளில் முந்நூறுக்கு மேல். இதை மேனேஜர் வேலை என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். பதவியின் பெயரை உயர்த்துவதற்குச் செலவு கிடையாது, அதனால்தான் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

வீடியோ அழைப்பில் ‘ரோல் இல்லை’, மின்னஞ்சலில் ‘செயல்பாடு சரியில்லை’ என்றார்கள் அல்லவா? இரண்டும் ஒன்றாக நிற்காது. ரோல் இல்லை என்றால் அது ஆட்குறைப்பு, அதற்கு இழப்பீடு உண்டு. இழப்பீட்டைத் தவிர்க்கத்தான் செயல்பாடு என்ற பேச்சு பிறகு வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. கடந்த ஏப்ரலில்தான் உங்களுக்குச் சம்பள உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் உங்கள் பக்கம் பேசும்.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு நோக்கமும் உண்டு. ‘நான் எங்கே தப்பு செய்தேன்’ என்று கடிதத்தில் நான்கு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலை உங்கள் வேலையில் தேடாதீர்கள், நிறுவனத்தின் வருமானத்தில் தேடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து போகும் யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் அரசின் விதி. ஆகவே இந்த நிறுவனங்களுக்கு வருமானம் ஸ்பீக்கர் வாடகை, கடைக்காரர் கடன் போன்றவற்றிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. புதுக் கடைகளைச் சேர்க்கிற வேகம் குறைந்தால் சரிபார்க்கிற ஆட்கள் செலவாகத் தெரிவார்கள். உங்களைப் பற்றி எடுத்த முடிவாக இது எனக்குத் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைக் குறைத்திருக்கிறார்கள், அந்த வரியில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

அந்தப் பட்டனின் விலை

பணக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்போம்.

ராஜினாமா செய்தால் அவர்கள் தருவதாகச் சொல்வது ஒரு மாதச் சம்பளம், 38,000 ரூபாய். அவர்களே நீக்கினால்? உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றும், இரு தரப்புக்கும் அது பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மூன்று மாதச் சம்பளம் 1,14,000. ஆட்குறைப்பு இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சமும் ஒரு வருடமாகக் கணக்கு, எனவே 4 வருடம் 9 மாதம் முடித்த உங்களுக்கு 5 வருடம். புதிய தொகுப்புச் சட்டங்களின்படி படிகளைக் காட்டி, இந்தக் கணக்குக்கான சம்பளத்தை மொத்தத்தில் பாதிக்குக் கீழே சுருக்க முடியாது. ஆகவே 38,000-இல் பாதி, 19,000 என்று வைத்தால்கூட 47,500 ரூபாய். ஆட்குறைப்பு செய்யப்படுபவருக்கு மறுபயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளமும் இருக்கிறது, 9,500. கூட்டினால் 1,71,000. அந்தப் பட்டனுக்காக அவர்கள் உங்களிடம் நீட்டுவது 38,000. ‘நல்லபடியா’ என்று அம்மா சொல்வதன் விலையை அம்மாவிடமும் காட்டுங்கள்.

அடுத்து கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடை. 5 வருடம் முடியவில்லை, அதனால் இல்லை என்று உங்கள் எச்.ஆர். சொன்னதை நம்பிவிட்டீர்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் தொடர்ச்சியாகப் பணியில் இருந்தால் அது முழு வருடமாகவே கருதப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் இயங்கும் நிறுவனங்களுக்கு 190 நாளே போதும். உங்களுக்கு 4 வருடம் 9 மாதம் ஆகிவிட்டது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 5 வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 43,800 ரூபாய் வரும். மேலே சொன்ன 19,000-ஐ வைத்தால் சுமார் 54,800. இது நீங்களே ராஜினாமா செய்தாலும் சேர வேண்டிய பணம். கேட்காதவர்களுக்குத் தானாக வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுத்தில் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது இப்போதைய ஊதியத் தொகுப்புச் சட்டம். ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்கிற கடைசிக் கணக்குத் தீர்க்க ‘45 நாள் ஆகும்’ என்ற பழைய பாட்டு இனிச் செல்லாது. வருங்கால வைப்பு நிதியை அவர்களால் நிறுத்தி வைக்க முடியாது, அது நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-இல் இருக்கிறது. வேலையை விட்ட தேதியை அவர்கள் பதியாவிட்டாலும் கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். போட்டி நிறுவனத்தில் ஒரு வருடம் சேரக் கூடாது என்ற நிபந்தனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலையை விட்ட பிறகு அப்படித் தடுப்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. கவலையே வேண்டாம்.

‘டெர்மினேட் ஆனால் எங்கேயும் வேலை கிடைக்காது’ என்பதில் கொஞ்சம் உண்மையும் நிறைய மிரட்டலும் கலந்திருக்கிறது. அடுத்த நிறுவனம் பின்னணி சரிபார்க்கும், உண்மைதான். பொதுவாகக் கேட்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி, சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். பணமோசடி, போலி ஆவணம் என்று எழுதப்பட்டிருந்தால்தான் பெரிய தடை. பணியிடம் இல்லாமல் போனதால் விடுவிக்கப்பட்டார் என்பதில் கறை எதுவும் இல்லை. இன்று இந்தத் துறையில் ஆள் எடுக்கிறவர்களிலேயே பாதிப்பேர் அதைத் தாண்டி வந்தவர்களாக இருப்பார்கள்.

கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போனது

இரண்டாம் பக்கத்தின் நடுவில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். ‘மாதக் கடைசியில் பெண்டிங் அதிகமானால் டீம் லீடர் எங்கள் லாகினை வாங்கி அவரே முடித்துவிடுவார், இது எல்லா டீமிலும் நடப்பதுதான்.’

சகோதரி, ராஜினாமா விஷயத்தைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை.

நீங்கள் ரயிலில் வாலாஜா ரோடு தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் பெயரில் நாற்பது கடைகளுக்கு ஒப்புதல் போயிருக்கலாம். அவற்றில் இரண்டு நிஜக் கடையாக இல்லாமல், திருட்டுப் பணத்தை வாங்கிக் கைமாற்றுவதற்காக யாரோ இன்னொருவர் ஆதாரில் திறந்த கணக்காக இருந்தால்? பணத்தை இழந்த ஒருவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்வார். சைபர் கிரைம் போலீஸ் அந்தக் கணக்கைப் பிடித்து, இதைச் சரிபார்த்தது யார் என்று நிறுவனத்துக்கு எழுதும். பதிவேட்டில் இருப்பது டீம் லீடர் பெயர் அல்ல. அடுத்தவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அது அவருக்குச் சிக்கல். ஆனால் நீங்களே கொடுத்தீர்கள் என்பது உங்களுக்குச் சிக்கல். நாளைக்கு நிறுவனத்துக்கு உங்களை ‘ஒழுங்கீனம்’ என்று வெளியேற்ற ஒரு காரணம் தேவைப்பட்டால், இதைவிட வசதியானது கிடைக்காது. அப்படி ஆனால் கிராஜுவிட்டியிலும் கை வைக்கப் பார்ப்பார்கள். ஒழுக்கக்கேடான குற்றம் என்று காட்டிக் கிராஜுவிட்டியைப் பறிக்க நீதிமன்றத் தண்டனை கட்டாயம் இல்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்னும் உங்கள் கையில் நேரம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். இனி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லாகின் கேட்டு வந்த சாட் எதையும் அழிக்காதீர்கள், அதில் உங்களுக்குச் சங்கடமான வரி இருந்தாலும் சரி. அழித்தது தெரிந்தால் கதையே மாறிவிடும். நினைவிருக்கும் தேதிகளையும் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுவலக வாசலில் அட்டை காட்டி உள்ளே போன நேரம் பதிவாகியிருக்கும், அதற்கு முன்பு லாகின் திறந்திருந்தால் அதுவே பதில் சொல்லும்.

ஆனால் இதைக் கோபத்தில் எச்.ஆருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடாதீர்கள். ‘என்னை நீக்கினால் எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுவேன்’ என்ற தொனி ஒரு வரியில் வந்தாலும் அது மிரட்டலாகத் திரும்பும். இந்த விஷயத்தை எப்போது, யாருக்கு, எந்த வார்த்தையில் எழுதுவது என்பதை ஒரு வழக்கறிஞரோடு நேரில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ராஜினாமா பேச்சோடு இதைக் கலக்கவே கூடாது.

மாதக் கடைசிக்குள்

எச்.ஆருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள், உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி. ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கருத்து இவ்வளவுதான்: ‘இந்தத் தேதி வீடியோ அழைப்பில் என் பணியிடம் இனி இல்லை என்று சொன்னீர்கள். ராஜினாமா செய்யும்படி கேட்டீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் விருப்பம் இல்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என் சேவை தேவையில்லை என்று நிறுவனம் முடிவு செய்தால் அதை எழுத்தில் தெரிவித்து, ஒப்பந்தப்படியும் சட்டப்படியும் எனக்குச் சேர வேண்டியதைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். குற்றச்சாட்டு வேண்டாம், கண்ணீர் வேண்டாம், ‘இத்தனை வருடம் உழைத்தேனே’ என்பதும் வேண்டாம்.

அதன் பிறகு ஒரு நாள்கூடத் தகவல் சொல்லாமல் வேலைக்குப் போகாமல் இருக்காதீர்கள். மனம் வெறுத்து நான்கு நாள் படுத்துவிட்டால் ‘தானாகவே வேலையை விட்டுவிட்டார்’ என்று எழுதிவிடுவார்கள். அலுவலக நாளில் போங்கள். லாகின் திறக்கவில்லை என்றால் திரையைப் படமெடுத்து, ‘வேலைக்கு வந்திருக்கிறேன், திறக்கவில்லை’ என்று சொந்த முகவரியிலிருந்து எழுதுங்கள். போனில் கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்ததும் ‘இப்போது நீங்கள் சொன்னது இது’ என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்திருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும், அதற்கு அசல் கருவி உதவும்.

பெரும்பாலும் இந்த மின்னஞ்சலுக்குப் பிறகு பேச்சின் தொனி மாறும். ஒரு மாதம் என்றவர்கள் இரண்டு, மூன்று என்று வருவார்கள். என்னைக் கேட்டால், நியாயமான தொகைக்குப் பேசி முடிப்பதையே உங்கள் நிலையில் விரும்புவேன். வழக்கு என்றால் முதலில் சமரச அதிகாரி, 45 நாளில் முடியாவிட்டால் தீர்ப்பாயம், அப்புறம் வருடங்கள். தொழில் உறவுகள் சட்டப்படி நீக்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகலாம் என்பதால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வாங்கினாலும், பழைய டீமே கலைந்துபோயிருக்கும். ஆகவே பேசுங்கள், ஆனால் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும்: விடுவிப்புக்கான காரணம் பணியிடக் குறைப்பு என்பது, கிராஜுவிட்டி உட்பட ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, பணம் வரும் தேதி. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் கையெழுத்து. கூடவே வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள், அதனால் உங்கள் உரிமை எதுவும் குறையாது.

அப்பாவின் வைத்தியம் பற்றிக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வையுங்கள். குழுக் காப்பீடு உங்கள் வேலையோடு முடிந்துவிடும். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தில் இதுவரை கழிந்தது வீணாகாமல் இருக்க அதுதான் நல்லது.

எந்த ஊரில் முறையிடுவது என்று கேட்டிருந்தீர்கள். நியமனக் கடிதத்தில் பணியிடம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சென்னை என்றால் சென்னையில்தான். வீட்டு முகவரி என்றால் வேலூரில் முயலலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சாப்பாடும் தூக்கமும் இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் 14416-க்கும் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வோடு எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘எப்படியாவது முடிந்தால் சரி’ என்றுதான் இருக்கும்.

அம்மாவிடம் விளக்குவது கஷ்டமாக இருந்தால் அப்பாவிடம் பேசிப் பாருங்கள். 26 வருடம் டேனரியில் இருந்தவருக்கு செட்டில்மென்ட், கிராஜுவிட்டி, சமரசப் பேச்சு எல்லாம் நமக்கு மேலேயே தெரிந்திருக்கும். வீட்டில் எங்கேயாவது அவருடைய மஞ்சப்பையும் இருக்கும். உங்கள் காகிதங்களை எல்லாம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அதிலேயே போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.